தார்ப்பாய்க்குள் செய்த கலங்கரை விளக்கங்கள்

என் மனைவியின் நுரையீரலைக் கெடுத்தவன் நான். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கல்மாவுத் தூள் மூச்சோடு உள்ளே போனால் நெஞ்சுக்குள் தழும்பு விழும், விழுந்த தழும்பு ஆறாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடு போட வைத்தவன். அதே தூளை அவள் வருஷக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் மினுக்கு வரட்டும் என்றேன்.

சொந்தக்காரர்களிடம் அவளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யில்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எழுதும்போதாவது நேராகச் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் செய்தது கலங்கரை விளக்கம். கடற்கரையில் நிற்பது அல்ல. வீட்டு முன்னால் புல்தரையில் அழகுக்கு நிறுத்தி வைப்பது. என் இடுப்பு உயரத்திலிருந்து இரண்டு ஆள் உயரம் வரை செய்வோம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, மேலே சுற்றிலும் கைப்பிடிக் கம்பி, அதற்குள் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் பொழுது சாய்ந்ததும் தானே எரிகிற சோலார் விளக்கு. மாநில எல்லையை ஒட்டி எலப்புள்ளிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து கடல் எத்தனையோ தூரம். கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் வாளையார் ரோட்டில் வீடு கட்டினார். அவர் ஒரு படத்தைக் காட்டி, இப்படி ஒன்று முன்னால் நிறுத்த வேண்டும், வெயிலிலும் மழையிலும் கெடக் கூடாது என்றார். ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த எனக்கு அது ஒரு கணக்குப் போடும் வேலை மாதிரி பிடித்துப்போயிற்று.

படத்தைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

"ஏனுங்க, இங்க கப்பல் எங்கீங்க வரப்போகுது? செக்போஸ்ட்டுல நிக்கற லாரிக்காரனுக்கு வழி காட்டறதுக்கா?"

"அவரு ஆசைப்படறாரு."

"அப்ப ஒரு மீனவனையும் செஞ்சு பக்கத்துல உக்கார வைங்க. வலையோட. நம்ம கொளத்துல மீன் புடிக்கட்டும்."

அப்படிச் சொன்னவள்தான் முதல் பட்டைக்குச் சிவப்புச் சாயம் பூசினாள். அவள் கை நேராகப் போகும். கோடு போடாமலே பட்டை வளைவில் கோணாமல் பூசுவாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பேச ஒன்று கிடைத்தது என்று எனக்கும் சந்தோஷம்.

செய்யும் விதம் இதுதான். இரும்புக் கம்பியை வளைத்துக் கூடு கட்டி, மேலே கோழிவலை சுற்றி, சிமெண்டு பூசுவோம். அடியில் கான்கிரீட் கனம் வைப்போம், காற்றில் சாயாமலிருக்க. இவ்வளவையும் யாரும் செய்யலாம். ஆனால் சிமெண்டின் மேல் பூசிய சாயம் இரண்டு கோடைக்குள் உரிந்துவிடும். அதற்குத்தான் நான் ஒரு கலவை கண்டுபிடித்தேன். வெள்ளைச் சிமெண்டும் ஒட்டுப் பசையும், அதோடு மைதா மாதிரி அரைத்த வெள்ளைக் கல்மாவும். அதைப் பூசிக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கி, பிறகு சாயம் அடித்தால் உரியாது. வெயில் அதை ஒன்றும் செய்யவில்லை. மழையில் பாசி பிடிக்கவில்லை. அந்தக் கலவையில் எனக்கு இருந்த கர்வத்தை என்னவென்று சொல்வது. பள்ளிக்கூடத்தில் படித்ததும் படிப்பித்ததும் கடைசியில் கைக்கு உதவியது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அவள் அந்த மாவைக் கோலமாவு என்றுதான் சொல்வாள். "உங்க கோலமாவு மூட்டை வந்துருச்சு" என்பாள். ஒரு தைப் பொங்கலுக்கு அதில் ஒரு கிண்ணம் அள்ளி வாசல் நிறையக் கோலம் போட்டாள். வெயில் ஏறியதும் அது மினுங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குனிந்து, விரலிடுக்கில் மாவை விட்டு, ஓரங்களை வாயால் ஊதிச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் காபி டம்ளரோடு நின்று பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலில் நாங்கள் வெட்டவெளியில்தான் வேலை செய்தோம். வாளையார்க் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் மார்கழியிலும் அடிக்கும், ஆடியிலும் அடிக்கும். நெல் தூற்றுவது, சுண்ணாம்பு சலிப்பது, மிளகாய் இடிப்பது எதுவானாலும் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் போதும் என்பது இங்கே எல்லோருக்கும் கைவந்த பழக்கம். தூசி எதிர்ப்பக்கம் பறந்துவிடும். எங்களுக்கும் அந்த நம்பிக்கைதான். அது பொய்யான நம்பிக்கையும் அல்ல. காற்று உண்மையிலேயே அள்ளிக்கொண்டு போனது.

ஆனால் அதே காற்று, காயாத சாயத்தின் மேல் மண்ணைக் கொண்டுவந்தும் ஒட்டியது. இடுக்கி மலையில் ஓட்டல் வைத்திருந்த ஒருவர் வாங்க வந்தார். சிவப்புப் பட்டையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "தரிதரியா இருக்கே சாரே, கண்ணாடி மாதிரி வேணும்" என்றார். அந்த ஒரு சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் தார்ப்பாய் வாங்கி வந்து, ஒரு கொட்டகை போட்டு அதன் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினேன். ஓரங்களில் கல் வைத்தேன். காற்று உள்ளே வரவில்லை. சாயம் கண்ணாடி மாதிரி காய்ந்தது. உள்ளே தேய்த்த தூள் வெளியே போகவும் இல்லை.

கல்மாவு கலக்கும் வேலை என்னுடையது. கலக்கும்போது நான் மாஸ்க் போட்டுக்கொள்வேன். இரண்டு பக்கமும் உருண்டையாகச் சல்லடை வைத்த ரப்பர் மாஸ்க். கோயமுத்தூர் போனபோது வாங்கியது. அதைப் போட்டால் என் முகம் பன்றி முகம் மாதிரி இருக்கிறது என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. அவள் சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு தேய்ப்பாள்.

ஒருநாள் கேட்டாள். "தண்ணி தெளிச்சுத் தேச்சா என்னங்க? மூக்கெல்லாம் ஏறுது."

"தண்ணி பட்டாத் திட்டுத் திட்டா ஆயிரும். மினுக்கு வராது."

"செரி போங்க. உங்க மினுக்குக்கு நானும் வெள்ளையாயிட்டேன். பாருங்க, பவுடர் போட்ட மாதிரி."

இன்னொரு மாஸ்க் ஏன் வாங்கவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாத நாளில்லை. பதிலும் தெரியும். அவளிடம் ஒன்றைக் கொடுத்தால் இது ஆபத்தான வேலை என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அவள் வேலையை விட்டுவிடுவாள். அவள் கை இல்லாமல் அந்த வழுவழுப்பு வராது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

கேட்பவர்கள் அதிகமானார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வேலைக்கு வந்தாள். கணவன் லாரி ஓட்டுபவன். இவள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வருவாள். என் மனைவியை அக்கா என்பாள். இரண்டு பேரும் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே ஊர்க் கதை முழுவதும் பேசுவார்கள். வெளியே நின்றால் சிரிப்புச் சத்தமும் தாள் உரசும் சத்தமும் சேர்ந்து கேட்கும். பிறகு இருமல் சத்தமும் சேர்ந்துகொண்டது.

அந்த ஓட்டல்காரருக்காகச் செய்ததைக் கொண்டுபோய் நிறுத்த இடுக்கிக்குப் போனபோது அவளும் வந்தாள். தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஓட்டலின் புல்தரை ஒரு சரிவின் மேல் இருந்தது. படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அங்கே வேலைக்கு வரும் ஒரு பெண், கழுத்தில் ஜெபமாலை போட்டவள், சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னம்மா இப்படி இளைக்கு? எங்க வேல பாக்கிய? பஞ்சு மில்லுலயா?"

என் மனைவி பதில் சொல்ல மூச்சு சேர்த்துக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன். "வீட்டுலதாம்மா. மலை பழக்கமில்ல, அதான்."

அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் என் மனைவி ஜன்னல் பக்கம் சாய்ந்து, மலை பழக்கமில்லை என்று நான் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஊருக்கு வந்த பின் உடம்பு இளைத்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் நிழல் இருக்கிறது, சளியில் கிருமி தெரியவில்லை, ஆனாலும் காசநோயாக இருக்கலாம் என்றார் டாக்டர். "அம்மா என்ன வேலை செய்றாங்க?" என்று கேட்டார். "ஊட்டு வேலைதானுங்க" என்றாள் அவள். கலங்கரை விளக்கம் செய்வதை அவள் வேலை என்று நினைத்ததே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்கு விலையாக மாதக்கணக்கில் அவள் காசநோய் மாத்திரை தின்றாள். சிறுநீர் சிவந்து போனதைப் பார்த்துப் பயந்தாள். சோறு இறங்கவில்லை. சொந்தக்காரர்கள் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். எல்லாம் இல்லாத நோய்க்கு. இருந்த நோயின் பெயர் எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் மாத்திரையை எண்ணி அவள் கையில் வைத்தவனும் நான்தான்.

கடைசியில் கோயமுத்தூரில் வேறொரு டாக்டரிடம் போனபோது, அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய்ச் சொன்னேன். கல்மாவு, தார்ப்பாய், தண்ணீர் இல்லாத தேய்ப்பு எல்லாம். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த மாத்திரைகளாவது மிச்சமாகியிருக்கும் என்றார். அவளை உள்ளே கூப்பிட்டு, இது தூசியால் வந்தது, இனிமேல் அந்தத் தூசிப் பக்கமே போகக் கூடாது, மருந்தால் போகாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்குவமாகச் சொன்னார். எனக்கு முன்பே தெரியும் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. அவளால் கூப்பிட முடியாமல் போயிற்று. வாசலில் இருந்த என்னை அழைக்க இரண்டு சொல் சேர்ந்தாற்போல வராது. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கல்மாவு சேர்க்காமல், வெறும் சிமெண்டில், கரடுமுரடாகவே ஒரு கலங்கரை விளக்கம் செய்தேன். ஈரமாக இருக்கும்போதே கரண்டியால் நீவி விட்டதோடு சரி. அதைக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில், எங்கே நின்றாலும் என் கண்ணில் படும்படி நிறுத்தினேன். அவள் கட்டில் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அழுத்தினால் விளக்கு எரியும். நான் வந்துவிடுவேன்.

முதல் நாள் அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. எரியும். ஓடுவேன். ஒன்றும் இருக்காது.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லீங்க. கப்பல் வருதான்னு பாத்தேன்."

அப்படிச் சிரித்தபோது இருமல் வந்து, மெஷின் குழாயைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தாள். ஆனாலும் அந்த நாட்களில் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நான் ஏதோ செய்துவிட்டேன் என்று எனக்குள் ஓர் ஆறுதல் வந்தது. அப்படி இருக்கையில் ஒரு சாயங்காலம், விட்டு விட்டுச் சொன்னாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. நீங்களுந்தான அந்தத் தூசியில கெடந்தீங்க. அதுவரைக்கும் சாமி காப்பாத்துச்சு."

சாமி காப்பாற்றவில்லை, மாஸ்க் காப்பாற்றியது என்றேன். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தெரியும் என்று. பாடம் நடத்தினேன் என்று. தண்ணீர் தெளிக்கக் கேட்டபோதே தெரியும் என்று. முதல் டாக்டர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். மெஷின் சத்தத்துக்குப் பின்னால், வெளியே, தாள் உரசும் சத்தம். பாதியில் நின்ற ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பெண் முடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ளைகிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

தார்ப்பாயை அவிழ்த்துவிட்டேன், தண்ணீர் தெளிக்கச் சொன்னேன், என் மாஸ்க்கையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன் என்றேன். உண்மைதான். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் கொடுத்த மாஸ்க்கை அவள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வேலை செய்தாள். தண்ணீர் ஊற்றினால் நேரமாகிறது என்று நான் அந்தப் பக்கம் போனதும் காய்ந்த தாளை எடுத்துக்கொள்வாள்.

"போய்ச் சொல்லுங்க. இப்பவே."

போனேன். கொட்டகையில் நின்றுகொண்டே சொன்னேன். அவள் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். கழுத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா இருமுறப்பவே நான் கேட்டனுங்களே சார். தூசியிலயான்னு. பனி ஆகலைன்னீங்க."

"ஆமாம்மா."

"எம்புள்ளைங்க பள்ளிக்கொடம் விட்டு வந்தா இங்கதானுங்க உக்காந்து எழுதும்."

அவள் முந்தானையை உதறினாள். வெள்ளையாகத் தூள் பறந்தது. உதறிய பிறகுதான் அவளுக்கே அது உறைத்ததுபோல, சட்டென்று மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்று பொழுதோடு அவள் கணவன் வந்து வாசலில் நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். "படிச்சவரு நீங்க" என்று மட்டும் சொன்னான். அதையே இரண்டு தடவை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

கொட்டகையைப் பிரித்தேன். மிச்சமிருந்த மாவு மூட்டைகளைத் தண்ணீர் ஊற்றிக் குழைத்து, குழி வெட்டிப் புதைத்தேன். அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் கோயமுத்தூருக்கு அழைத்துப்போய்ப் படம் எடுக்க வைத்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு லேசாக ஏதோ தெரிகிறது, இப்போதைக்குப் பயமில்லை, வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்றார்கள். ரோட்டோரம் சிமெண்டுத் தொட்டியும் பொம்மையும் செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் போய், நனைத்துத் தேயுங்கள், மூக்கை மூடுங்கள் என்று சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு பட்டறையில் வேலையாள் ஒருவர், "காத்துத்தான் அள்ளீட்டுப் போயிருதுங்களே சார்" என்றார். நான் சொல்லிக்கொண்டிருந்த அதே சொல்.

அதற்குப் பிறகு என் மனைவி விளக்கைப் போடுவது குறைந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் முன்வாசலை மிதிப்பதில்லை. பின்கட்டு வழியாக வந்து அக்காவுக்குத் தலை வாரிவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள். அந்த நேரத்தில் நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். விளக்கு எரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். எரியாது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் இப்ப லைட்டே போடறதில்ல?"

அவள் மெஷின் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் போட்டா நீங்க ஓடியாரீங்க. ஓடியாந்துட்டா எல்லாம் செரியாப் போச்சுன்னு ஒரு மொகம் வருதுங்க உங்களுக்கு. அதைப் பாக்க முடியல."

ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள். விடிகாலை. நான் அதே அறையில் தரையில்தான் படுத்திருந்தேன். சுவிட்ச் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. கையை நீட்டி என் தோளைத்தான் தொட்டாள். மன்னித்துவிட்டாள் என்று அதை வைத்துச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒவ்வொரு வருஷமும் படம் எடுக்க நான்தான் அழைத்துப்போகிறேன். அதை மட்டும் அவள் மறுக்கவில்லை. பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்காருவாள், நான் பின்னால். இந்த வருஷம் டாக்டர் கூப்பிட்டபோது நான் எழுந்தேன். அவள் கதவருகில் நின்று திரும்பினாள்.

"நீங்க இங்கயே இருங்க சார். எனக்கு என்னன்னு நானே கேட்டுக்கறேன்."

உட்கார்ந்தேன். என் மனைவியை உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போன அதே பெஞ்ச். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, சொல் புரியவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனதுபோல் இருந்தது. ஒருவேளை எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். வெளியே வந்தாள். படம் இருந்த உறையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன சொன்னாரும்மா?"

"போலாமுங்க. அஞ்சு மணி பஸ் போயிரும்."

வாளையார் தாண்டும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டோர வீடுகளின் முன்னால் நாங்கள் செய்து கொடுத்தவை வரிசையாக நின்றன. எத்தனையோ வெயிலும் மழையும் பார்த்தும் பட்டை ஒன்றும் உரியவில்லை. ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியது. முன் சீட்டில் அவள் ஒரு தடவை இருமினாள். பஸ்ஸுக்குள் தூசியும் இருந்தது, ஜன்னலும் திறந்திருந்தது. அது எந்த இருமல் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஊர் வரும்வரை இன்னொரு இருமல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.